உறைந்த வாத்தில் கடைசி ஆள்

எனிட் பார்ட்லம் கார் ஓட்டும் பரீட்சைக்கு ஐந்து முறை போனாள். ஐந்து முறையும் தேறாமல் பஸ் பிடித்து வீடு திரும்பினாள். ஆறாவது முறையும் போய்ப் பார்க்கலாமே என்று கணவன் ஹெட்லி சொன்னபோது, நாலு சக்கரம் தன் தலையில் எழுதவில்லை, ரெண்டு போதும் என்று சொல்லிவிட்டு, பழைய சாமான் விற்கிறவனிடமிருந்து ஒரு பச்சை சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. இப்போது அறுபத்தொன்று. சைக்கிளில் சீட்டும் செயினும் சக்கரமும் எத்தனையோ தடவை மாறிவிட்டன. பச்சை மட்டும் மாறவில்லை.

பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு, நீளக் கம்பில் வட்டப் பலகையைப் பிடித்து, வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைச் சாலை கடக்க வைப்பது அவள் வேலை. காலையில் ஒன்றரை மணி நேரம், மதியம் ஒன்றரை மணி நேரம். கார் ஓட்டத் தெரியாதவள் என்று எழுதிக் கொடுத்த ஊரில், தினமும் இருநூறு கார்களை ஒரு கையால் நிறுத்துகிறவள் அவள்தான். இதைப் பற்றி அவள் யாரிடமும் பெருமை பேசியதில்லை. ஹெட்லியிடம் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை சொல்வாள்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் மலைகள் தொடங்குகிற இடத்தில், ஹாப்லி என்று ஒரு கிராமம். அங்கே ஜனவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒரு சைக்கிள் பயணம் நடக்கும். இருநூறு கிலோமீட்டர். அதற்கு ‘உறைந்த வாத்து’ என்று பெயர். முதல் வருஷம் வழி பார்க்கப் போன, இதை நடத்துகிற கெல்வின் ஷக்கரின் கண்ணெதிரே ஒரு வாத்து, குளம் உறைந்திருப்பது தெரியாமல் வந்து இறங்கி, உட்கார்ந்தபடியே அக்கரை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனதாம். கெல்வின் குழாய் ரிப்பேர் செய்கிறவர். குளிர்காலத்தில் ஊர் முழுக்கக் குழாய் வெடிக்கிற நேரத்தில், அவர் மட்டும் அந்தச் சனிக்கிழமை யார் கூப்பிட்டாலும் போகமாட்டார்.

இது பந்தயம் அல்ல. முதலில் வருகிறவனுக்கும் பரிசு கிடையாது, கடைசியில் வருகிறவனுக்கும் கிடையாது. காலை ஏழு மணிக்குக் கிராமத்துக் கூடத்திலிருந்து கிளம்பி, வழியில் மூன்று இடங்களில் அத்தாட்சி வாங்கிக்கொண்டு, இரவு எட்டரைக்குள் திரும்பிவிட்டால் தேறியாயிற்று. எட்டு முப்பத்தொன்றுக்கு வந்தால் வராததற்குச் சமம்.

எனிட் பத்து வருஷமாக அதில் கடைசி ஆள். எட்டரைக்கு முன்னால் வருவாள், மற்ற எல்லாருக்கும் பின்னால் வருவாள். சைக்கிள் சங்கத்தின் பத்திரிகையில் கெல்வின் ஒரு பக்கம் எழுதுவார். வேகமாகப் போன பையன்கள் பெயர் ஒன்றும் அதில் இருக்காது. ஆனால் முடிவில் மாறாமல் இப்படி இருக்கும்: ‘கடைசியாக எனிட் பார்ட்லம் வந்து சேர்ந்தார். இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. கூடத்தைப் பூட்டினோம்.’ ஒரு வருஷம் ஒன்பது, ஒரு வருஷம் பதினான்கு, ஒரு வருஷம் நான்கு. கல்யாண அறிவிப்புக்குப் பிறகு அவள் பெயர் அச்சில் வந்தது அங்கே மட்டும்தான். அந்தப் பத்து வரிகளையும் வெட்டி, கேக் தட்டுகள் வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

முதலில் வர காலில் பலம் இருந்தால் போதும் என்பது அவள் கட்சி. கடைசியாக, அதுவும் நேரத்துக்குள் வருவதற்குப் பலம் வேண்டும், பொறுமை வேண்டும், கடிகாரத்தோடு உறவு வேண்டும். எங்கே ஒரு டீ குடிக்கலாம், எங்கே குடித்தால் கெட்டோம் என்று தெரிய வேண்டும்.

பதினொன்றாவது வருஷம் மைனஸ் ஐந்து டிகிரி. கூடத்தின் கதவைத் திறந்தவர்களோடு குளிரும் உள்ளே வந்து கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்றது. எனிட் இரண்டு பனியன், ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் நெஞ்சில் மடித்த செய்தித்தாள், அதற்கு மேல் மழைக்கோட்டு என்று போட்டிருந்தாள். கால்சட்டைக்குள் ஹெட்லியின் பைஜாமா. காலுறை மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை. நடந்தால் மளிகைக்கடை நடந்து வருவது போலச் சத்தம் கேட்டது.

கெல்வினின் மனைவி மார்ஜரி டீயை ஊற்றிக்கொண்டே, இந்த வருஷம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொன்னாள். எனிட் திரும்பிப் பார்த்தாள். உயரமான, ஒல்லியான, அறுபத்தெட்டு வயது மனிதர். சைக்கிள் கைப்பிடியில் கட்டுவதற்குக் கயிறு போட்ட, காகிதம் செருகும் அட்டை ஒன்றில் வழியை எழுதிக் கையில் வைத்திருந்தார். மீசை முழுக்க வெள்ளையாகியிருந்தது. ஆனால் அந்த அட்டையை அவர் பிடித்திருந்த விதம் மாறவில்லை.

அவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"காலை வணக்கம். நீங்க தயாரானதும் கிளம்பலாம்" என்றார்.

எனிட் ரொட்டியைக் கடித்தபடி அப்படியே நின்றாள். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை இதே குரலில் மூன்று முறை கேட்டிருக்கிறாள். ரோலண்ட் ட்விக். கார் ஓட்டும் பரீட்சை அதிகாரி. ஐந்தில் மூன்று முறை அவளைத் தோற்கடித்தவர் இவர்தான். முதல் முறை, கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றார். இரண்டாம் முறை, நடைபாதையில் ஏறி ரொட்டிக்கடை வாசலில் நிறுத்தினாள் என்றார். அதில் அவளுக்கும் ஆட்சேபம் இல்லை. மூன்றாம் முறை நடந்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. கைத்தடியோடு ஒரு கிழவர் சாலை ஓரத்தில் நின்றார். எனிட் நிறுத்தி, வாருங்கள் என்று கை காட்டினாள். கிழவர் அசையவில்லை. காது கேட்காதோ என்று இவள் காரை விட்டு இறங்கிப் போய்க் கேட்டாள். அவர் பஸ்ஸுக்கு நிற்கிறாராம். திரும்பி வந்து காரில் உட்கார்ந்தபோது பக்கத்து இருக்கையில் ட்விக் எழுதிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு நேரம் எழுதி அவள் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து, அந்த மனிதரை எங்காவது பார்த்தால் என்ன சொல்வது என்று அவள் பல தடவை யோசித்து வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போது சொல்லியும் பார்த்திருக்கிறாள். நல்ல பேச்சு. நடுவில் இரண்டு கெட்ட வார்த்தை வரும். ஆனால் இப்போது வாயில் பாதி ரொட்டி இருந்தது. மணி ஏழாகிவிட்டது.

நாற்பத்திரண்டு பேர் கிளம்பினார்கள். முதல் வளைவிலேயே நாற்பது பேர் மறைந்துவிட்டார்கள். இருட்டு இன்னும் விலகவில்லை. வேலிச்செடிகளில் பனி சர்க்கரை போல ஒட்டிக்கொண்டிருந்தது. எனிட் தனக்குப் பழகிய வேகத்தில், பின்னால் யாருமில்லை என்கிற நிம்மதியோடு போனாள். மூன்றாவது மைலில் ஏதோ தோன்றித் திரும்பினாள். நாற்பதடி பின்னால் ஒரு விளக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் மெதுவாகப் போனாள். விளக்கும் மெதுவாக வந்தது. அவள் இன்னும் மெதுவாகப் போனாள். ஒரு கட்டத்தில் சைக்கிள் சாய்ந்துவிடுமோ என்கிற அளவுக்குப் போனாள். விளக்கு அதே நாற்பதடியில் நின்றது. நாற்சந்தி வந்தால் அந்த விளக்கு நிற்கும். ஒரு ஈ காக்கை இல்லாத சந்தியில், வலம் பார்த்து, இடம் பார்த்து, மறுபடி வலம் பார்த்து, பிறகுதான் நகரும். நகர்ந்து மறுபடி நாற்பதடிக்கு வந்துவிடும்.

பத்து வருஷத்தில் முதல்முறையாக எனிட் பார்ட்லம் கடைசியில் இல்லை. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் முன்னால்தான் இருந்தாள்.

முதல் அத்தாட்சி ஐம்பத்தெட்டாவது கிலோமீட்டரில், ஒரு சிறிய காப்பிக் கடையில். அங்கே, கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் கொடுத்த அத்தாட்சி அட்டையில் முத்திரை வைத்துத் தருவார்கள். எனிட் முத்திரை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ட்விக்கைக் கிளப்பிவிட்டுத்தான் தான் கிளம்புவது என்று முடிவு செய்திருந்தாள். வேறு மேசை காலி இல்லாததால் அவரும் அனுமதி கேட்டு எதிரில் உட்கார்ந்தார். வாட்டிய ரொட்டியும் தக்காளிச் சாற்றில் வெந்த அவரை விதையும் வாங்கி, ரொட்டியைப் பதினாறு சதுரமாக வெட்டினார். ஒவ்வொரு சதுரத்தின் மீதும் எண்ணி நாலு விதை வைத்தார். அவள் இன்னொரு பன் வாங்கினாள். அவர் இன்னொரு வெந்நீர் வாங்கினார். கடைக்காரப் பெண் வந்து நீங்கள் இருவரும் சேர்ந்து வந்தவர்களா என்று கேட்டாள். இருவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.

வேறு வழியில்லாமல் எனிட் பேச்சுக் கொடுத்தாள். இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று கேட்டாள். ட்விக் யோசித்துப் பதில் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கண் ஒத்துழைக்கவில்லை. நண்பர்கள் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால், இவருக்குப் பழக்க தோஷத்தால் வாய் நிற்காது. வளைவில் கியர் தவறு, சந்தியில் வேகம் அதிகம் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருவர் பாதி வழியில் இறக்கிவிட்டார். இன்னொருவர் வேறு ஊருக்கே குடிபோய்விட்டார். அதன் பிறகு யாரும் ஏற்றிக்கொள்வதில்லை.

"சைக்கிள்ல நான் மட்டும்தானே. நான் தப்புப் பண்ணா எனக்குள்ளயே சொல்லிக்குவேன்" என்றார் ட்விக்.

"நிறையப் பண்றீங்களா?"

"இன்னிக்குக் காலைலேருந்து நாலு."

எனிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பன்னால் அடைத்தாள். பாத்திரம் கழுவும்போது ஒத்திகை பார்த்த பேச்சுக்கு இது நல்ல ஆரம்பம் இல்லை. மணி பதினொன்று. இன்னும் உட்கார்ந்தால் இருவருமே தேறமாட்டார்கள். அவள் எழுந்தாள். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் வெளியே போகக் காத்திருந்தார். மரியாதைக்காரரோடு போட்டி போடுவதைப் போலக் கஷ்டம் உலகத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மதியத்துக்கு மேல் வேல்ஸ் எல்லைக்குள் மலை ஏறினார்கள். தண்ணீர் புட்டிகள் உறைந்து, ஆட்டினால் கல் உருள்வது போலக் கேட்டது. எனிட்டின் கண்ணிமையில் பனி கட்டியது. இரண்டாவது அத்தாட்சிக்கு ஆள் கிடையாது. ஒரு கல்லறைத் தோட்டத்து வாசல் பலகையைப் படித்து, எந்த மிருகத்துக்கு அனுமதியில்லை என்று அட்டையில் எழுத வேண்டும். பலகை முழுக்கப் பனி மூடியிருந்தது. எனிட் முழங்கையால் தேய்த்து ‘நாய்’ என்று பார்த்து, பென்சிலால் எழுதிவிட்டாள். ட்விக் வந்து பலகை முழுவதையும் சுரண்டினார். மேலிருந்து கீழே ஏழு விதிகள் இருந்தன. எல்லாவற்றையும் படித்தார். குதிரைக்குத் தனி விதி இருப்பதாக அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். குதிரையை வாசலில் கட்டிவிட்டு வரலாமாம். ஆக, அனுமதியில்லாதது நாய் மட்டும்தான் என்று உறுதி செய்துகொண்டு எழுதினார். இவ்வளவும் முடிந்து கிளம்பியபோதும் அவர் பின்னால்தான் இருந்தார்.

மூன்றே முக்கால் மணிக்கு, மலை முகட்டில், நாற்பதடி பின்னால் வந்த சக்கரச் சத்தம் நின்றது. எனிட் நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தாள். ட்விக் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றார். விஷயம் புரிந்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிமிடம் ஆயிற்று. நான்கு நிமிடம் ஆயிற்று. மறுபடி பார்த்தாள். மனிதர் அங்கேயே நின்று மாற்றி மாற்றிக் காலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். நடனம் போலத் தெரிந்தது, ஆனால் சந்தோஷ நடனம் இல்லை.

இப்போது கடைசியில் வரும் சந்தர்ப்பம் தன் கையில் இருக்கிறது, அவரை இப்படியே விட்டுவிட்டுப் போனால் அவர் நேரத்துக்குள் வரமாட்டார் என்று எனிட்டுக்குத் தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வாசலில் நின்றவள். அந்தத் தட்டுத் தட்டுகிற கால் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

"என்ன மிஸ்டர் ட்விக், முடிச்சு அவிழலையா?"

ட்விக் சாலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு, மழைக்கால்சட்டையின் இடுப்புக் கயிறு நனைந்து உறைந்துவிட்டது, விரலில் உணர்ச்சி இல்லை, இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார்.

"இரட்டை முடிச்சு எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

எனிட் கையுறையைக் கழற்றினாள். அவள் அவிழ்க்காத முடிச்சு இல்லை, இழுக்காத ஜிப் இல்லை. அழுதுகொண்டு வரும் ஐந்து வயசுப் பையன்களுக்கு அவசர நேரத்தில் உதவியவள். ஆனால் இந்த முடிச்சு இரும்பு போல இருந்தது. நகத்தால் கெல்லிப் பார்த்தாள், சைக்கிள் சாவியால் குத்திப் பார்த்தாள். ட்விக்கின் மூச்சு விசில் அடித்தது. பல்லால் கடிக்கலாம், ஆனால் அறுபத்தொரு வயதில் நடுச்சாலையில் ஒரு பரீட்சை அதிகாரியின் இடுப்பைக் கடித்தாள் என்று ஊரில் பெயர் வந்தால் நன்றாக இருக்காது. அப்போதுதான் அவளுக்குப் பையிலிருந்த ஃப்ளாஸ்க் ஞாபகம் வந்தது.

"அந்த ஆடுங்களையே பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, சூடான டீயை முடிச்சின் மேல் மெதுவாக ஊற்றினாள். பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்ட டீ. கயிறு ஆவி விட்டது, இளகியது, அவிழ்ந்தது. ட்விக் மரத்துக்குப் பின்னால் ஓடிய வேகத்தை அவரிடம் காலையிலிருந்து அவள் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் முகம் ஞானம் அடைந்தவர் முகம் மாதிரி இருந்தது. அவள் குழந்தைக்குக் கட்டுவது போல ஒற்றை முடிச்சுப் போட்டுவிட்டாள். இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. முப்பத்து நான்கு வருஷப் பேச்சில் கெட்ட வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. மிஞ்சியது ஒரு வரிதான்.

"நீங்க என்னை மூணு தடவை ஃபெயில் பண்ணீங்க."

"தெரியும்" என்றார் ட்விக்.

"எப்பத் தெரியும்?"

"காலைலயே. கிராமத்து எல்லைல ஒரு பூனைக்காக நிறுத்தினீங்க பாருங்க, அப்ப. அது சாலையைக் கடக்கல, சும்மா உக்காந்திருந்துச்சு. நீங்க வா வான்னு கை காட்டினீங்க."

முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில், பரீட்சை நடுவே காரைவிட்டு இறங்கிப் போனவர் அவள் ஒருத்திதான் என்றார் ட்விக். பின்னால் பதினோரு கார் நின்றதாம். மூன்றுதான் நின்றது என்றாள் எனிட். பதினொன்று, எண்ணினேன் என்றார் அவர். அவருக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை, அவள் அந்தக் கிழவரிடம் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவருடைய மருமகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டாளாம்.

"‘தேவையில்லாமல் தயங்குகிறார்’னு எழுதினேன்" என்றார். "இப்ப உங்களுக்கு என்ன வேலை?"

எனிட் சொன்னாள். ட்விக் அவள் போட்ட ஒற்றை முடிச்சை ஒருமுறை தொட்டுச் சரிபார்த்தார். பிறகு, வேலைக்கு எடுத்தவர்கள் தன் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் நகைச்சுவை அதுவாக இருக்கலாம். சொல்லிவிட்டு அவரே பயந்து போனது போலத் தெரிந்தது.

"காலைலயே நான்தான்னு தெரிஞ்சுதான் பயந்துக்கிட்டு பின்னாலயே வந்தீங்களா?" என்று கேட்டாள் எனிட்.

"இல்ல மிஸஸ் பார்ட்லம். என் வேகமே அவ்வளவுதான்."

மணி நாலே கால். இருவரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பார்த்ததும் பேச்சு நின்றது. இன்னும் அறுபத்தைந்து கிலோமீட்டர் பாக்கி, சூரியன் மறைந்து கொண்டிருந்தது, எதிர்க்காற்று வேறு. யார் கடைசி என்கிற பேச்சுக்கே இடமில்லை. இருவருமே வராதவர்கள் ஆகிவிடும் ஆபத்து வந்துவிட்டது.

எனிட் தன் வாழ்நாளில் அன்றுதான் அவசரப்பட்டாள். ட்விக்கை நாற்பதடி தள்ளி வராமல் தன் சக்கரத்தை ஒட்டி வரச் சொன்னாள். காற்று முன்னால் போகிறவரை அடிக்கும், பின்னால் வருகிறவரைக் கொஞ்சம் விட்டுவிடும். அது பாதுகாப்பான இடைவெளி இல்லை என்று அவர் ஆட்சேபித்தார். பாதுகாப்பாக ஒன்பது மணிக்கு வந்து சேருங்கள் என்றாள். ஒட்டிக்கொண்டார். ஒரு மைல் அவள் முன்னால், ஒரு மைல் அவர் முன்னால் என்று மாற்றிக்கொண்டார்கள். பின்னால் வரும்போது ட்விக்கால் சும்மா இருக்க முடியவில்லை. இடது பக்கம் பள்ளம், முன்னே வளைவு, எதிரே லாரி, கியரைக் குறையுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டில், கண்ணிமை பாதி ஒட்டிக்கொண்ட நிலையில், அத்தனையும் சரியாகவும் இருந்தது.

டீயில் நனைந்த மழைக்கால்சட்டை இதற்குள் உறைந்து பலகையாகிவிட்டது. ட்விக் மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அது பழைய மரப்படி போல முனகியது. மூன்றாவது அத்தாட்சிக்காக ஒரு பெட்ரோல் பங்கில் நின்று ரசீது வாங்கியபோது, உள்ளே இருந்த பையன் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்குப் பொய்க்கால் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டான். நேரமில்லை என்று எனிட் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நெஞ்சிலிருந்த செய்தித்தாளில் பாதியை எடுத்து அவர் கோட்டுக்குள் செருகினாள். அவரிடம் இருந்த கடைசி சாக்லெட்டை அவர் அளவெடுத்து இரண்டாக உடைத்தார். பெரிய துண்டு எது என்று இருவருக்கும் சந்தேகம் வந்தது. அளக்க நேரமில்லாததால் எனிட் ஒன்றை எடுத்து அவர் வாயில் போட்டாள்.

ஹாப்லி கிராமத்து விளக்குகள் தெரிந்தபோது எட்டு பதினைந்து. கூடத்தின் வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது எட்டு இருபத்திரண்டு. எட்டு நிமிடம் மிச்சம். எனிட்டுக்குக் கால் தரையில் இருப்பது தெரியவில்லை. ஆனால் கதவருகே வந்ததும் பத்து வருஷப் பழக்கம் அவளைப் பிடித்து நிறுத்தியது. நீங்கள் போங்கள் என்றாள். பெண்கள் முதலில் என்றார் ட்விக். நீங்கள் புதியவர், விருந்தாளி மாதிரி என்றாள். நீங்கள்தான் எனக்கு உதவி செய்தவர் என்றார். எட்டு இருபத்து மூன்று. மார்ஜரி உள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பனி பூத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் குனிந்து கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கெல்வினைக் கூப்பிட்டுக் காட்டினாள். கெல்வின் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும். சூடு வெளிய போகுது."

அப்போதும் ட்விக் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் எனிட் உண்மையைச் சொன்னாள். பத்து வருஷம், பத்திரிகை, கடைசி வரி, அலமாரிக் கதவு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ட்விக் கேட்டுக்கொண்டார். மீசையில் தொங்கிய பனிக்கட்டியைத் துடைத்தார். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு, காலை உயர்த்தி வாசற்படியைக் கடந்து உள்ளே போனார். எனிட் ஒரு நிமிடம் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நிறைந்த மனதோடு பின்னால் போனாள்.

உள்ளே போனால் ட்விக் மேசைக்கு முன்னால் நின்று இடுப்பில் அடித்துக்கொண்டிருந்தார். அத்தாட்சி அட்டை மழைக்கால்சட்டைப் பையில் இருந்தது. பை உறைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. டீயும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து பசை போட்ட மாதிரி மூடிவிட்டன. கெல்வின் இழுத்தார், வரவில்லை. அட்டை இல்லாமல் முத்திரை கிடையாது, அது சட்டம். சட்டத்தை மீற ட்விக்கே ஒத்துக்கொள்ளமாட்டார்.

"ரேடியேட்டர் பக்கத்துல நிக்க வைங்க" என்றாள் மார்ஜரி. இரண்டு பேர் ட்விக்கைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய், வெந்நீர்க் குழாயோடு இடுப்பு ஒட்டும்படி நிற்க வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தட்டை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். எட்டு இருபத்தாறு. எனிட் தன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் முத்திரை வாங்கவில்லை. அவர் அட்டை வரும் வரை நிற்கலாம். ஆனால் அது வராமலே போனால்? அவர் அட்டைக்காகக் காத்திருந்து தன் நேரமும் போனால்? அவள் வாழ்க்கையில் கடிகாரத்தை அப்படி முறைத்ததில்லை.

எட்டு இருபத்தேழுக்கு அவள் அட்டையை மேசையில் வைத்தாள். கெல்வின் முத்திரை குத்தினார். எட்டு இருபத்தொன்பதுக்குக் குழாயருகிலிருந்து பால் காய்ச்சிய வாசனை வந்தது, பை திறந்தது, ட்விக் சொட்டச் சொட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, ஓடாமல், வேகமாக நடந்து வந்தார். கூடத்துக்குள் ஓடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. முத்திரை விழுந்தபோது நாற்பது பேரும் கைதட்டினார்கள். ட்விக் திரும்பி எனிட்டைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார். வாழ்க்கையில் யாரிடமாவது அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதில் இது முக்கியமானது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

எனிட்டுக்குக் கோபம் வர வேண்டும். வந்து பார்த்தது, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டது. அவர் மேலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அடைக்கப் பன் இல்லை. மார்ஜரி இரண்டு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வைத்து, சாப்பிடு கண்ணு, அழுகிறாயா சிரிக்கிறாயா என்று கேட்டாள். எனிட்டுக்கே தெரியவில்லை.

மார்ச்சில் பத்திரிகை வந்தது. ‘கடைசியாக ரோலண்ட் ட்விக் வந்து சேர்ந்தார். இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. தரையைத் துடைத்துவிட்டுக் கூடத்தைப் பூட்டினோம்.’ எனிட் அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு நிமிடம் என்பது யாரும் எட்டாத சாதனை என்று ஹெட்லி சொன்னான். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கே தோன்றி, தோட்டத்துக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் தொலைபேசி மணி அடித்தது. ட்விக். வணக்கம் சொல்லி, உடல்நலம் விசாரித்து, வானிலை பேசி முடித்து, ஒரு சந்தேகம் என்றார். அவருடைய தங்கை மில்ட்ரெட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாளாம். நூலகத்தில் இருந்தவள். அடுத்த ஜனவரிக்கு அவளும் வர ஆசைப்படுகிறாள், சேர்த்துக்கொள்வீர்களா என்றார்.

"தாராளமா வரட்டும்" என்றாள் எனிட். "எப்படி ஓட்டுவாங்க?"

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது; குறிப்பு எடுத்து வைத்திருப்பார் போல.

"அவ பின்னால போய்ப் பாத்தேன் மிஸஸ் பார்ட்லம். ரெண்டு தடவை நானே முந்திட்டேன்" என்றார் ட்விக்.

எனிட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.